மூன்றாவது கேனில் நிற்கும் குண்டு

யார் வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். டெக்சாஸில் ரவுண்ட் ராக் ஊரில் நம்மவர்கள் வரிசையாக வீடு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. மாதத்துக்கு இரண்டு கிரகப்பிரவேசமாவது வரும். பால் பொங்கி முடிந்து, எல்லோரும் சமையலறைக் கருங்கல்லைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் மட்டும் கூடத்துச் சுவரருகில் போய் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். காலிப் பெட்டியைத் தட்டுவது போல டொக் டொக்கென்று சத்தம் வரும்.

"அட்டைங்க. இதுல குண்டு நிக்காதுங்க. அந்தப் பக்கத்து ரூம்ல யாரு படுக்கறீங்க?"

வீட்டுக்காரர்கள் முகம் மாறிவிடும். நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு என்று பெண்கள் முணுமுணுப்பார்கள். காரில் திரும்பும்போது என் மகன் அவரைப் போலவே பேசிக் காட்டுவான். "இது நிக்காதுங்க, அதுவும் நிக்காதுங்க, நானே நிக்கமாட்டேனுங்க." மருமகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்திருப்பேன்.

அவர் பெருந்துறைப் பக்கத்துக்காரர். ஊருக்கு வடக்கே பெட்ரோல் பம்போடு சேர்ந்த ஒரு கடை வைத்திருந்தார். பால், ரொட்டி, சிகரெட், லாட்டரி சீட்டு, இன்ஜின் ஆயில் எல்லாம் கிடைக்கும் கடை. அதன் ஒரு மூலையில்தான் என் தையல் மெஷின் இருந்தது. பகலெல்லாம் தனியாக வீட்டில் இருந்தால் அம்மா பேச்சே மறந்துவிடுவாள் என்று என் மகன் அவரிடம் ஒருநாள் விளையாட்டாகச் சொல்லியிருக்கிறான். மறுவாரமே கடையில் ஒரு அலமாரியை நகர்த்தி இடம் பண்ணிவிட்டார். காலையில் மகன் ஆபீஸ் போகிற வழியில் என்னை இறக்கிவிடுவான். வருகிறவர்களுடைய ஜீன்ஸைக் கால் குறைத்துத் தைத்துக் கொடுப்பேன். பேச்செல்லாம் அவரே பேசிக்கொள்வார். எனக்கு அதுதான் வசதி. அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தம்பி என்று கூப்பிடுகிற வயசுதான். எனக்கு வாய் வராது. அவர் என்னை அக்கா என்பார்.

அவருடைய பேன்ட்டின் வலது பையில் ஒரு துப்பாக்கி இருந்தது. வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தார். என் உள்ளங்கையில் வைத்து மூடினால் மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும், அவ்வளவு சின்னது. பையில் அதன் உருவம் தெரியாமலிருக்க ஒரு உறை தைத்துத் தரச் சொல்லிக் கொண்டுவந்தபோதுதான் முதலில் பார்த்தேன். பொம்மை போல இருக்கிறதே என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவரே பதில் சொன்னார்.

"சின்னதுங்கறதாலதானுங்கக்கா இவ்வளவு ரோதனை. பெரிய துப்பாக்கின்னா எந்தக் குண்டைப் போட்டாலும் ஓடிரும். இதுக்கு அப்படி இல்லீங்க. பொண்ணு பாக்கற மாதிரி பாக்கணும். பத்துல எட்டு வேண்டாம்னுதான் சொல்லோணும்."

"அப்ப என்னைய மட்டும் ஒரே தடவை பாத்துட்டு எப்படிங்க சரின்னீங்க?" என்று கல்லாவிலிருந்து அவர் மனைவி கேட்டார்.

"அப்ப டெஸ்ட் பண்ணத் தெரியலீங்களே."

அந்த அம்மா லாட்டரிச் சீட்டுக் கட்டால் அவர் தோளில் ஒரு அடி வைத்தார்.

எந்தக் குண்டு என்று பார்ப்பதிலேயே அவருக்கு ஆறு மாதம் போயிற்று. நான்கு விதம் வாங்கி வந்திருந்தார். பெட்டி மேலெல்லாம் இங்கிலீஷ். எனக்காகவே அவற்றுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயர் வைத்து, ஒரு நோட்டைக் கொடுத்து, "நான் சுடச்சுட நீங்க எழுதுங்கக்கா" என்றார். எதற்கும் என்னைக் கேட்டு ஒரு வேலை கொடுத்தவர்கள் அந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. தினமும் அந்த நோட்டைப் பையில் வைத்துக்கொண்டே போய் வந்தேன்.

கடைக்கு வருகிற ஒரு வெள்ளைக்காரப் பெரியவருக்கு ஊருக்கு வெளியே மாட்டுப் பண்ணை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அங்கே போவோம். இவர் மனைவியும் வருவார், தூக்குச் சட்டியில் புளிசாதத்தோடு. இவர் காலிப் பிளாஸ்டிக் பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி, ஒன்றன் பின் ஒன்றாக ஏழெட்டு வரிசையாக வைப்பார். முதல் கேனுக்கு முன்னால் நான் வெட்டிப்போட்ட ஜீன்ஸ் துண்டுகளை நான்காக மடித்துத் தைத்துக் கொடுத்ததைத் தொங்கவிடுவார். ஆள் உடுத்தியிருக்கிற துணிக்கு அது கணக்கு. வரிசைக்குப் பின்னால் இருந்தது பெரிய மண்மேடு. இருந்தும் சுடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அந்த மேட்டின் மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்கி வருவார். ஒவ்வொரு தடவையும். ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தால்கூட அது நகரும்வரை சுடமாட்டார். புளிசாதம் ஆறிப்போகும்.

அ என்பது மொட்டை மூக்குக் குண்டு. ஐந்து கேன்களைத் துளைத்துக்கொண்டு மண்ணில் போய்ச் செருகும். ஆ, இ, ஈ மூன்றுக்கும் மூக்கில் குழி உண்டு. உள்ளே போனதும் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் ஏறி, குண்டு பூ மாதிரி விரிந்து, அங்கேயே நிற்க வேண்டும். ஆ வாய் அகலமானது, அந்தச் சின்னத் துப்பாக்கிக்குள் ஏறும்போதே மாட்டிக்கொள்ளும். இ இரண்டாவது கேனுக்கு முன்பே விரிந்து நின்றுவிடும். "இது ஆளைக் கோவப்படுத்தறதுக்கு மட்டும் ஆகுமுங்க" என்று ஒதுக்கிவிட்டார். ஈ மட்டும் மூன்றாவது கேனில் நின்றது. ஐந்துக்கு நாலு தடவை. ஐந்தாவது தடவை ஜீன்ஸ் துணியின் நூல் குழிக்குள் அடைத்துக்கொண்டு, விரியாமல், மொட்டை மூக்கு மாதிரியே கடைசிவரை ஓடிவிட்டது. 'துணி அடைத்தால் விரியாது' என்று நோட்டில் எழுதினேன். என் கையெழுத்துதான்.

"உள்ள போகோணும், வெளிய வரக்கூடாது. ஆளைத் தாண்டிப் போற குண்டுக்கு அட்ரஸ் இல்லீங்கக்கா" என்பார்.

சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் அடுத்த அறைக்குப் போய் யாராவது சாய்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவார். காரைப் பின்னால் எடுப்பதற்குள் இரண்டு தடவை இறங்கிச் சுற்றி வருவார். என் மகன் பின்னால் காரில் காத்திருந்து பொறுமையிழந்து, "அங்கிள், பின்னாடி டெக்சாஸ்தான் இருக்கு, வாங்க" என்று கத்துவான். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை பார்ப்பார்.

ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் கடையில் யாரும் இல்லாதபோது அவராகவே சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஹூஸ்டன் பக்கம் வேறொருவர் கடையில் வேலை பார்த்தாராம். திருட வந்தவனை முதலாளி சுட்டிருக்கிறார். குண்டு அவன் கைச்சதையைத் துளைத்துக்கொண்டு போய், கதவருகில் ஐஸ் மூட்டையோடு நின்ற ஒரு பெண்ணின் கழுத்தில் பாய்ந்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை இவர்தான் உட்கார்ந்திருந்தார். மூட்டை கிழிந்து ஐஸ் தரையெல்லாம் சிதறி, அது கரைகிற தண்ணீரும் சேர்ந்து ஓடியதாம். "முதலாளி மேல தப்பில்லைன்னு போலீஸ்ல சொல்லிட்டாங்க. அவரும் அப்படியே நினைச்சுக்கிட்டாருங்க" என்றார். கடையைக் காப்பாற்ற வேண்டும், ஆனால் தன் குண்டு யாரோ ஒருவர் மேல் படக்கூடாது. அவருக்கு இருந்தது அந்த ஒரே பயம்தான். அதைத்தான் எல்லோரும் கேலி செய்தார்கள்.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் கடையில் ஆயுத பூஜை போட்டார்கள். கல்லாப் பெட்டி, கிரெடிட் கார்டு தேய்க்கிற மெஷின், காபி மெஷின், என் தையல் மெஷின் எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தது. துப்பாக்கியையும் காலி செய்து ஒரு தாம்பாளத்தில் வைத்தார். "அதுக்குச் சந்தனம் ஆகாதுங்க, பூ மட்டும் வெச்சாப் போதும்" என்றார். குண்டுகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "ஆயுதம்னா குண்டுந்தானுங்க, எல்லாத்தையும் வைங்க" என்று அவர் மனைவி சொல்லவே, இருந்த ஈ குண்டு இருபதையும் ஒரு வெள்ளித் தட்டில் வரிசையாக நிறுத்தி வைத்தார்.

சந்தனக் கிண்ணத்தை எடுத்த மனைவியிடம், "அக்கா வைக்கட்டும்" என்றார்.

அந்த அம்மா என் நெற்றியைப் பார்த்துத் தயங்கினார். தப்பு இல்லை, யாராயிருந்தாலும் தயங்குவார்கள். என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. எந்த நல்ல காரியத்திலும் நான் பின்வரிசைதான்.

"காலைல வந்ததும் மெஷின்ல கை வைக்கறவங்க அவங்கதானுங்களே. அவங்க வைக்கட்டும்."

வைத்தேன். கல்லாவுக்கு, காபி மெஷினுக்கு, என் மெஷினுக்கு. வைக்க வைக்கச் சந்தோஷம் வந்துவிட்டது. அந்தக் குண்டுகளின் மூக்கில் இருந்த குழி, பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருந்தது. மோதிர விரலால் ஒவ்வொன்றிலும் சந்தனத்தை அழுத்தி வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். இருபதுக்கும். ஒன்றுகூட விட்டுப்போகாமல் நிறுத்தி நிதானமாக வைத்தேன். அவர் அந்த நேரம் பம்பில் யாருக்கோ சில்லறை கொடுக்கப் போயிருந்தார். திரும்பி வந்து தட்டைப் பார்த்தார். அரை நிமிஷம் நின்றார். "நல்லாருக்குதுங்கக்கா" என்றார். கற்பூரம் காட்டினோம்.

மறுநாள் நான் வந்தபோது கல்லாவில் உட்கார்ந்து பல்குச்சியால் ஒவ்வொரு குண்டாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் தட்டை மூடினார். அப்போதுதான் எனக்கு நோட்டில் எழுதியது ஞாபகம் வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது. மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுரண்டியதில் மூன்றைச் சுட்டுப் பார்த்தார். மூன்றும் விரியவில்லை. கேன் கேனாகத் துளைத்துக்கொண்டு மண்ணில் போய்ச் செருகின. "பெட்டில ஈரம் பட்டுருச்சு போலீங்க" என்று மனைவியிடம் சொன்னார். என் பக்கம் பார்க்கவே இல்லை. புதுப் பெட்டி வாங்குகிறவரைக்கும் என்று சொல்லி, வேறு வழியில்லாமல் அ குண்டைப் போட்டுக்கொண்டார்.

புதுப் பெட்டி கிடைக்கவில்லை. தேர்தல் முடிந்த கையோடு துப்பாக்கிக் கடைகளில் எல்லாவற்றையும் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். புது அரசாங்கம் இனிமேல் விற்க விடாது என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு. அதிலும் அந்தச் சின்ன அளவுக் குண்டு எங்கேயுமே இல்லை. வாராவாரம் போய்ப் பார்த்தார். வேகோ வரைக்கும் போனார், சான் அன்டோனியோ போனார். "அடுத்த வாரம்னு சொல்றாங்கக்கா" என்று வந்து நிற்பார். நான் தைத்துக்கொண்டிருப்பேன். தலையை நிமிர்த்தமாட்டேன்.

"இப்ப மொட்டை மூக்குப் போட்டிருக்கறதால நான்தான் ஜாக்கிரதையா இருக்கோணும். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்கக்கா. எவனாச்சும் வந்து ஏதாச்சும் நடந்துச்சுன்னா, நின்ன இடத்துலயே தரைல உக்காந்துக்கங்க. ஓட வேண்டாம், கத்த வேண்டாம். உக்காந்தாப் போதும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஒருமுறை உட்கார்ந்து காட்டச் சொன்னார். சிரித்து மழுப்பிவிட்டேன்.

மார்ச் மாதம், காலை பதினோரு மணி. நான் பின்பக்கம் பாத்ரூம் போய்விட்டுச் சிப்ஸ் அடுக்குகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தேன். கல்லாவின் முன்னால் ஒருவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். தொப்பி, பெரிய கோட்டு. அவன் கையில் இருந்ததைப் பார்த்தேன். அவன் தோளுக்கு மேலாக அவர் என்னைப் பார்த்தார். கடையிலிருந்த கேமரா கல்லாவை மட்டும்தான் பார்க்கும். அதில் நான் இல்லை. சத்தமும் அதில் பதியாது.

அவர் கை பையில் இருந்தது.

"உக்காருங்கக்கா" என்றார். வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வது போல, மெதுவாக.

அவன் என்ன பாஷை என்று புரியாமல் கத்தினான். அவர் கண்ணை என்மேலிருந்து எடுக்கவில்லை. "அக்கா, உக்காருங்க."

பயத்தில் உறைந்துவிட்டேன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பயம் இருந்தது. ஆனால் பயம் மட்டும் என்றால் முழங்கால் தானாக மடங்கியிருக்கும். மடக்காமல் நின்றது பயத்தால் இல்லை. கடை நடுவில், அந்நிய ஆண்பிள்ளை ஒருவன் திரும்பிப் பார்த்தால் என்ன ஆகும், பொத்தென்று தரையில் உட்கார்ந்தால் சேலை என்ன ஆகும் என்று இருந்தது. கூச்சமாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அவனுக்கு நேர் பின்னால் நான் நின்றுகொண்டே இருக்க, அவர் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவன் அந்த முழங்கையைப் பார்த்தான். சுட்டான். ஓடினான்.

அந்தக் குண்டு அவரைத் தாண்டிப் போய்ப் பின்னால் இருந்த சிகரெட் அடுக்கில் நின்றது. அவன் போட்டிருந்தது எந்த வகை என்று யாரும் நோட்டுப் போட்டு எழுதவில்லை. அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அவன் பார்க்கவும் இல்லை.

போலீஸ்காரர் கேட்டதை என் மகன் தமிழில் சொன்னான். "நான் பின்னால் இருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை" என்றேன். மகன் அதை இங்கிலீஷில் சொன்னான். ரொம்பச் சின்னதாக முடிந்துவிட்டது.

கேமராவில் பதிந்ததை நம்மவர்களில் சிலர் பார்த்திருக்கிறார்கள். பதினாறாம் நாள் சாப்பாட்டில் ஆண்கள் வரிசையிலிருந்து பேச்சுக் கேட்டது. "ஆறு மாசம் குண்டு ஆராய்ச்சி பண்ணாருப்பா. கடைசில பாக்கெட்ல இருந்து எடுக்கவே வரல." "பொம்மைத் துப்பாக்கி, பாக்கெட்டுக்குள்ள விளையாட வெச்சிருந்தாரு." யாரோ சிரித்தார்கள். என் மகனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். நான் பெண்களுக்குப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்தேன்.

ஒரு மாதம் கழித்து அவர் மனைவி கூப்பிட்டனுப்பினார். கடையை விற்றுவிட்டு, மகள் இருக்கிற ஊருக்குப் போவதாக இருந்தது. வீடு பாதி மூட்டை கட்டிக் கிடந்தது. எனக்கு உட்கார ஒரு நாற்காலி போட்டுவிட்டு, அவர் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"ஏனுங்கக்கா, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லுவீங்களா?"

நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

"டேப்புல அவரு கை உள்ள போறது தெரியுதுங்க. வெளிய வர்ல. அவன் சுடற வரைக்கும் வர்ல. எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்க. நீங்க அங்கதானுங்களே இருந்தீங்க." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எங்கூட்டுக்காரரு பயந்துட்டாருங்களா?"

இல்லை என்று சொன்னால் அடுத்து, பின்னே ஏன் என்று கேட்பார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அதற்கடுத்து வருவதற்கும் சொல்ல வேண்டும். சந்தனம் வரைக்கும் போகும்.

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று.

அந்த அம்மா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "போச்சாதுங்கக்கா, விடுங்க. மனுசன்னா பயம் இருக்கத்தான செய்யும். உண்மையச் சொன்னீங்களே, அது போதும்" என்றார். உள்ளே போய், கட்டாமல் மிச்சம் வைத்திருந்த ஒரே டம்ளரில் மோர் கலந்துகொண்டு வந்து கொடுத்தார்.

வாங்கிக் குடித்தேன்.